எழுபத்துநாலு புள்ளி ஆறு

என் புருஷன் உர்பேன் தன் ரேஸ் சைக்கிளை விற்றுவிடத் தயாராக இருந்தான். அதன் ஹேண்டில்பாரை நாலு விரல் உயர்த்தத் தயாராக இல்லை. வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் நான் கதை கட்டுகிறேன் என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊரில் யாரும் சிரிப்பதில்லை. பாவம், வேறென்ன செய்வான் என்கிற மாதிரி தலையை ஆட்டுகிறார்கள்.

காரணம் ஒரு கூடை. தேவாலயத்துக்கு எதிரே உள்ள கஃபேயில், பியர் குழாய்களுக்கு மேலே ஆணியில் தொங்கும் பிரம்புக் கூடை. மார்ச் மாதத்து முதல் ஞாயிறு எங்கள் ஊர் சைக்கிள் கிளப்பின் அந்த வருஷத்து முதல் ஓட்டம். கிளம்புவதற்கு முன் எல்லா சைக்கிள்களும் கஃபே சுவரில் வரிசையாகச் சாய்ந்து நிற்கும். கிளப் தலைவன் நோயல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தபடி நடப்பான். குளிர்காலத்தில் எவனாவது குனிய முடியாமல் ஹேண்டில்பாரை உயர்த்தியிருந்தால் நோயல் அந்தக் கூடையை எடுத்துவந்து அதில் கட்டிவிடுவான். அன்று முழுக்க அவன் அதோடுதான் மிதிக்க வேண்டும். திரும்பி வரும்போது எல்லோருக்கும் ரொட்டி வாங்கி அதில் போட்டுக்கொண்டு வர வேண்டும், சந்தைக்குப் போய்வரும் பொம்பளை மாதிரி.

சந்தைக்குப் போய்வரும் பொம்பளை நான்தான், பெயர் லுட். என் சைக்கிளில் கூடை இருக்கிறது. முதுகை நேராக வைத்து உட்கார்ந்துதான் ஓட்டுகிறேன். அறுபது வயதாகிறது, ஒரு நாளும் முதுகு வலித்ததில்லை. ஆனால் கிளப்பில் யாரும் என்னிடம் யோசனை கேட்பதில்லை.

கூடை கட்டப்பட்டவர்களில் ரோலாண்ட் என்று ஒருவன் இருந்தான். அந்த ஞாயிறுக்குப் பிறகு கிளப் பக்கமே வரவில்லை, வீட்டில் கோழி வளர்க்கிறான். நன்றாகத்தான் இருக்கிறான். உர்பேன் மட்டும் அவன் பெயரை எடுக்கும்போது செத்தவனைப் பற்றிப் பேசுவது போலக் குரலைத் தாழ்த்துவான்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிறு, ஓட்டம் முடிந்து வந்த உர்பேனால் சைக்கிளிலிருந்து இறங்க முடியவில்லை. கேரேஜ் சுவரைப் பிடித்தபடி அப்படியே நின்றான். நான் போய் அவன் காலைத் தூக்கி இந்தப் பக்கம் போட்டேன். அதற்கப்புறம் ஷூ நாடா கட்ட நான், கீழே விழுந்த சாவியை எடுக்க நான் என்றாகிவிட்டது. புது மெத்தை வாங்கினோம். வீடெல்லாம் நாறும் களிம்பு ஒன்று வாங்கினோம். இடுப்புக்கு ஒரு பட்டை வந்தது, அதைப் போட்டுக்கொண்டு மரக்கட்டை மாதிரி நடந்தான். வலி கொஞ்சம் குறையும், சைக்கிளில் ஏறுவான், மறுபடி படுத்துவிடுவான்.

கடைசியில் டாக்டரம்மாவிடம் போனான். திரும்பி வந்து, "சைக்கிளை விடச் சொல்லிட்டாங்க" என்றான். அவ்வளவுதான் சொன்னான். சைக்கிளைத் துடைத்துக் கேரேஜ் கொக்கியில் மாட்டினான். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் ஆட்கள் கிளம்பும் நேரத்துக்கு எழுந்து, சமையலறையில் காபியை ஆறவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மூக்குக்கண்ணாடியைத் துடைப்பான், மறுபடி துடைப்பான். எனக்கு அவனைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அவன் மேல் இரக்கம் வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ஜனவரியில் சைக்கிளை விற்க விளம்பரம் கொடுத்தான்.

அந்த வாரம்தான் ரொட்டிக் கடையில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். உர்பேன் எப்படி இருக்கிறான் என்று கேட்டார். சைக்கிளை விட்டுவிட்டான், நீங்கள் சொன்னபடி விற்கவும் போகிறான் என்றேன். அவர் முகம் மாறியது.

"விக்கிறதா? நான் எங்க விக்கச் சொன்னேன்? ஒண்ணு சைக்கிளை விடுங்க, இல்லன்னா குனிஞ்சு உக்கார்றதை மாத்துங்கன்னேன். ஹேண்டில்பாரைக் கொஞ்சம் ஏத்தி, சீட்டை இறக்கிப் பாருங்கன்னு படம் போட்டே காட்டுனேனே."

ரொட்டியை வாங்கிக்கொண்டு வீடு வரை ஒரு வார்த்தை பேசாமல் வந்தேன். உடன் யாரும் இல்லை என்பதால் அல்ல. இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்.

அன்று மதியம் லீக் என்கிற வெங்காயத்தாள் சூப்பை அவன் முன்னால் வைத்துவிட்டு, டாக்டரம்மா சொன்னதில் மீதிப் பாதியை எங்கே தொலைத்தாய் என்று கேட்டேன். மழுப்பவில்லை. ஸ்பூனைக் கீழே வைத்தான். அது நடக்காத காரியம் என்பதால் சொல்லவில்லை என்றான். பிறகு அந்த எண்ணைச் சொன்னான். எழுபத்துநாலு புள்ளி ஆறு.

அந்த எண் எனக்கும் தெரியும், மகள் சில்கேவுக்கும் தெரியும். பெடல் அச்சிலிருந்து சீட் வரை சென்டிமீட்டர் கணக்கு. முப்பத்தொரு வயதில் உர்பேன் கோர்ட்ரைக் நகரத்துப் பக்கம் போய் ஒரு சைக்கிள் கட்டும் ஆளிடம் அளவு கொடுத்தான். அவர் தூக்குக்குண்டு கட்டிய நூலை முழங்காலில் வைத்துப் பார்த்து, சீட் உயரம், கை எட்டும் நீளம், ஹேண்டில்பார் எவ்வளவு தாழ்வு என்று எல்லாம் குறித்து ஒரு சைக்கிள் செய்து கொடுத்தார். அந்தக் கோடையில் ஊர்த் திருவிழா ரேஸில் அவன் ஜெயித்தான். அன்றிலிருந்து எத்தனையோ சைக்கிள் மாறிவிட்டது, இரும்பு போய் அலுமினியம் வந்தது, அதுவும் போய்க் கார்பன் வந்தது. ஒவ்வொன்று வரும்போதும் பழையதைப் பக்கத்தில் நிறுத்தி, அதே அளவுகளை மில்லிமீட்டர் பிசகாமல் புதியதற்கு மாற்றிவிட்டுத்தான் ஏறுவான். அவன் மட்டுமல்ல, அந்தக் கிளப்பில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான். பிள்ளைகள் பிறந்த நாள் மறந்துபோகும், இந்த எண் மறக்காது.

நான் வீட்டில் துணி ஆல்டர் செய்து கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பு எனக்குத் தெரியும். எல்லோரும் வந்து துணி சுருங்கிவிட்டது என்பார்கள். நானும் ஆமாம், இப்போது வருகிற துணியெல்லாம் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுத் தையலைப் பிரித்து விடுவேன். ஆனால் வீட்டிலிருக்கிற ஆளிடம் அப்படிப் பேசிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

சில்கேவுக்கு மே மாதம் கல்யாணம். உர்பேனுக்குக் கோட் சூட் வேண்டும். அளவெடுக்கிறேன் என்று கூப்பிட்டு, டேப்பை எடுப்பதற்குப் பதிலாக அலமாரியிலிருந்து எங்கள் கல்யாணக் கோட்டையும் கால்சட்டையையும் எடுத்தேன். நான் தைத்ததுதான். போட்டுக்கொள் என்றேன். வேடிக்கையாக இருக்கட்டும் என்று போட்டான். கோட்டின் கைகள் மணிக்கட்டைத் தாண்டி இறங்கின. தொப்பைக்குக் கீழே இறங்கிய கால்சட்டை ஷூவின் மேல் மடிப்பு மடிப்பாகக் குவிந்தது. கோட்டின் பின்பக்கம் தோளுக்குக் கீழே இழுத்துப் பிடித்தது, அவன் முதுகு வளைந்திருந்ததால். முன்பக்கம் பொத்தான் எட்டவேயில்லை. கண்ணாடியில் பார்த்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். மாசக்கணக்கில் அவன் சிரித்து நான் கேட்கவில்லை.

சிரிப்பை அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. கோட்டைப் பார்த்துச் சிரிக்கிறாயே, கேரேஜில் தொங்குகிற சைக்கிளும் இதே வயதில் எடுத்த அளவுதானே, அதற்குள் தினமும் உன்னைத் திணித்துக்கொண்டால் முதுகு என்ன செய்யும் என்று கேட்டேன்.

அவன் சிரிப்பு நின்றது. "நான் குறைஞ்சுபோயிட்டேன்னு சொல்ற."

"ஆமா. மூணு சென்டிமீட்டர் இருக்கும். எல்லாருந்தான் குறையறோம்."

கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான். கோபமாகக்கூட இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. "முடி போச்சு, பல்லு போச்சு, வேலையிலேருந்து அனுப்பிட்டாங்க. எழுபத்துநாலு புள்ளி ஆறு ஒண்ணுதான், லுட், மாறாம இருக்கு. அதையும் எறக்கிட்டுக் கூடையோட போகச் சொல்றியா? அதுக்கு வித்துடறேன்."

"என் கல்யாண கவுன்ல இப்ப என் ஒரு கைதான் நுழையும். அதுக்காக நான் தையல் மெஷினை வித்துட்டேனா?"

அவன் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். நான் கோட்டை மடித்து வைத்தேன். ரொம்பப் பேசிவிட்டேன் என்று தோன்றியது, பேசியது சரிதான் என்றும் தோன்றியது.

சனிக்கிழமை சைக்கிள் வாங்க ஆள் வந்தான். பெயர் யெல்லே, ஆல்ஸ்டிலிருந்து ரயிலில் வந்திருந்தான். முப்பது வயதிருக்கும். கூச்சமான பையன், சைக்கிள் ஷூவைப் பையில் கொண்டுவந்திருந்தான். உர்பேன் சைக்கிளைக் கொக்கியிலிருந்து இறக்கினான். சீட்டை உன் உயரத்துக்கு மாற்றித் தரட்டுமா என்று கேட்டான். முதலில் அப்படியே ஓட்டிப் பார்க்கிறேன் என்றான் யெல்லே.

எங்கள் தெரு கடைசி வரை நேராகப் போய் வாய்க்காலில் முடியும். அவன் அந்தக் கோடி வரை போய்த் திரும்பினான். வரும்போது கொஞ்சம் வேகம் பிடித்துக் குனிந்தான். முதுகு மேசைப் பலகை மாதிரி நேராகத் தாழ்ந்தது. இடுப்பு அசையவில்லை, கால்கள் மட்டும் சுற்றின. தலை தாழ்ந்து, முழங்கைகள் லேசாக மடிந்து, எந்தச் சிரமமும் இல்லாமல் எங்களைக் கடந்து போனான். நான் உர்பேனைப் பார்த்தேன். அவன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்தத் திருவிழா ரேஸ் ஞாபகம் வந்தது. அவனுக்கும் வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அந்த நாளில் தன்னைப் பார்த்திருக்க முடியாது. உள்ளே உட்கார்ந்து மிதித்துக்கொண்டிருந்தவன் அவன், வெளியே நின்று பார்த்தவள் நான். முப்பத்தொரு வயது உர்பேன் எப்படி இருந்தான் என்பதை அவன் அந்தச் சனிக்கிழமைதான் முதல்முறையாகப் பார்த்தான்.

யெல்லே இறங்கி, மூச்சு வாங்காமல் சொன்னான். "எதையும் மாத்தவே வேண்டாங்க. எனக்குன்னே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இருக்கு."

உர்பேன் சைக்கிளை அவன் கையிலிருந்து வாங்கிக் கேட்டில் சாய்த்தான். பிறகு மன்னித்துக்கொள், இது விற்பதற்கு இல்லை என்றான். பையனுக்குக் கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும். இத்தனை தூரம் வரவழைத்துவிட்டு இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்றான். நான் அவனை உள்ளே கூப்பிட்டு, காபியும் தயிர்க்கட்டி வைத்துச் சுட்ட கேக்கும் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன். உர்பேன் அவனைக் காரில் ஸ்டேஷனில் கொண்டுவிட்டு வந்தான். வந்தவன் நேராகத் தையல் அறைக்கு வந்து நின்றான்.

"டேப்பை எடு" என்றான்.

எனக்குச் சைக்கிள் பற்றி ஒன்றும் தெரியாது. துணி தெரியும். ஒரு சட்டை எங்கே இழுக்கிறது, எங்கே தொய்கிறது என்று பார்த்தால் உள்ளே இருக்கிற உடம்பு என்ன பாடுபடுகிறது என்று சொல்லிவிடுவேன். பின்சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும் ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்தி, அவனுடைய இறுக்கமான கிளப் ஜெர்சியைப் போட்டு மிதிக்கச் சொன்னேன். பின்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஜெர்சியின் நடு முதுகில் ஒரு தையல் ஓடுகிறது. ஒவ்வொரு மிதிக்கும் அது இடம் வலமாக ஆடியது. கால் கீழே எட்டுவதற்காக இடுப்பு ஒவ்வொரு பக்கமாகச் சரிந்து சரிந்து போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு ஓட்டத்தில் எத்தனை ஆயிரம் தடவை இப்படி ஆடியிருக்கும் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. காட்டிக்கொள்ளாமல், இறங்கு, சீட்டைத் தாழ்த்து என்றேன்.

கொஞ்சம் தாழ்த்தினான், தையல் இன்னும் ஆடியது. இன்னும் கொஞ்சம் தாழ்த்தினான். தையல் நின்றது. எனக்கு ஒரே பெருமை, நன்றாக இருக்கட்டும் என்று இன்னும் ஒரு விரல் தாழ்த்தச் சொன்னேன். மறுநாள் அவனுக்கு முழங்காலின் முன்பக்கம் வலித்தது. பொத்தான் தைக்கிறவளிடம் சைக்கிளைக் கொடுத்தால் இப்படித்தான் என்று வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டு நொண்டினான். அதிகம் இறக்கிய அந்த ஒரு விரலைத் திரும்ப ஏற்றினோம், வலி போயிற்று.

ஹேண்டில்பார் விவகாரம் அவ்வளவு சுலபமாக இல்லை. அதைத் தாங்கும் குழாயை உர்பேனே முன்பு ரம்பம் வைத்து அறுத்திருந்தான், தாழ்வாக அழகாகத் தெரிய வேண்டும் என்று. உயர்த்த இடமே இல்லை. கிளப்பில் எல்லோரும் அப்படித்தான் அறுத்து வைத்திருக்கிறார்களாம். பிற்காலத்தில் புத்தி வந்தாலும் திரும்ப வழியில்லாமல் செய்து வைத்திருக்கிறார்கள், ஆண்பிள்ளைகள். கடைசியில் கடையில் சொல்லி, ஹேண்டில்பாரைக் குழாயோடு சேர்க்கும் கழுத்துத் துண்டை, மேல்நோக்கி வளைந்த குட்டையான ஒன்றாக வாங்கி மாட்டினான். ஹேண்டில்பார் உயர்ந்தது, அவன் பக்கமும் கொஞ்சம் நெருங்கி வந்தது. தோளுக்கு நடுவே ஜெர்சியின் இழுப்பு தளர்ந்தது. ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் வாத்து தலையைத் தூக்கிப் பார்ப்பது போலத்தான் இருந்தது. உர்பேன் அதன்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி வைத்தான். தெரியாத எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தபோதுகூட எடுக்கவில்லை.

பிப்ரவரி முழுக்க ஸ்டாண்டிலேயே மிதித்தான். இறங்கும்போது நான் போய்க் காலைத் தூக்க வேண்டியிருக்கவில்லை. ஷூ நாடாவை அவனே கட்டிக்கொண்டான். ஆனால் முதல் ஞாயிறு நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது. சனிக்கிழமை, மழை வரும் போலிருக்கிறது என்றான். வானம் தெளிவாக இருந்தது. போகாமல் இருந்துவிடுவான் என்று பயமாக இருந்தது. இந்த ஞாயிறு போகாவிட்டால் இனி எந்த ஞாயிறும் போக மாட்டான் என்று தெரியும்.

போனான். ரொட்டி வாங்கும் சாக்கில் நானும் என் சைக்கிளில் பின்னால் போனேன். கஃபே சுவரில் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. உர்பேன் தன்னுடையதைக் கடைசியில் சாய்த்துவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றான். நோயல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தான். அவனும் உர்பேனும் ஒரே பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். அந்தச் சைக்கிளுக்கு எதிரே வந்ததும் நின்றான். சுற்றி இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"உன் சைக்கிள் கழுத்தைத் தூக்கி யாரைத் தேடுது உர்பேன்?"

சிரிப்பு அடங்குவதற்குள் உர்பேன் உள்ளே போனான். ஸ்டூலில் ஏறி, ஆணியிலிருந்து கூடையை அவனே எடுத்துக்கொண்டு வந்தான். அப்படி இதுவரை யாரும் செய்ததில்லை. கட்டுவது என் வேலை என்று நோயல் கையை நீட்டினான்.

"உன்னால இவ்வளவு தூரம் குனிய முடியாது நோயல். நானே கட்டிக்கிறேன்."

இந்த முறை சிரிப்பு சட்டென்று எழவில்லை. நோயல் நீட்டிய கையை இழுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டான். ஒன்றிரண்டு பேர் தங்கள் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார்கள். உர்பேன் தரையில் உட்கார்ந்து கூடையின் அடி வாரை முன்சக்கரத்துக் கவட்டைக் கம்பியில் இறுக்கிவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்தான். நான் மூலைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். ரொட்டி வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதியம் திரும்பி வந்தான். கூடையில் இருந்த மிச்ச ரொட்டிகளை மேசையில் வைத்தான். தக்காளிச் சாற்றில் வெந்த கறி உருண்டைகளை அவன் தட்டில் போட்டேன். கல் பாவிய ஏற்றத்தில் இரண்டு தடவை பின்தங்கிவிட்டதாகச் சொன்னான். நோயல் அவனுக்காக மேலே காத்திருந்து, அந்தக் கழுத்து எந்தக் கடையில் வாங்கியது என்று யாருக்கும் கேட்காத மாதிரி கேட்டதாகவும் சொன்னான். முதுகு எப்படி என்று கேட்டேன். இருக்கிறதே தெரியவில்லை என்றான்.

பாதி சாப்பிட்டு முட்கரண்டியைக் கீழே வைத்தான்.

"திரும்பி வர்றப்ப நம்ம வீட்டைத் தாண்டித்தானே வருவோம். தையல் ரூம் ஜன்னல்ல நீ நின்னு கையாட்டுன."

"ஆமா."

"இன்னிக்கு மட்டுமா?"

சாப்பிடுகிறவனிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் வந்துவிட்டது. "சில்கே கைக்குழந்தையா இருந்தப்பலேருந்து ஆட்டறேன். அவ கையைப் புடிச்சும் ஆட்டியிருக்கேன். குனிஞ்சு முன்னாடி சக்கரத்தையே பாத்துட்டுப் போறவனுக்கு எங்க தெரியப்போவுது?"

அவன் முகம் சிவந்திருந்தது, வெயிலில் வந்ததாலும் இருக்கலாம். நான் எழுந்து அடுப்புப் பக்கம் போய், தேவையில்லாமல் பாத்திரத்தைக் கிண்டினேன். இத்தனை வருஷம் அதைச் சொல்லாமல் வைத்திருந்தது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. கண்ணில் நீர் நின்றது.

"அடுத்த ஞாயிறு எந்த ஜன்னல்ல நிப்ப?" என்று பின்னாலிருந்து கேட்டான்.

"அதே ஜன்னல்தான்" என்றேன்.